பதினைந்து லட்சத்துக்கு ஒரு டிடி

வேலூர் கோர்ட்டில் தொழில் செய்கிற வக்கீலுக்குப் பட்டாளத்துக்காரர் வழக்கு புதிதல்ல. பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை எங்கள் பகுதியில் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள்; வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார். சுற்றுவட்டத்து ஊர்களும் ஏறக்குறைய அப்படித்தான். பாகப்பிரிவினை, பென்ஷன் பாக்கி, இறந்த சிப்பாய்க்கு இரண்டு மனைவிகள் வந்து நிற்பது, லீவில் வந்தவர் அவசரமாக வாங்கிய மனை ஏற்கெனவே வேறொருவருக்கு விற்கப்பட்டிருப்பது என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஆனால் ராணுவத்தில் சேராமல் இருப்பதற்காகக் கட்டிய பணத்தைப் பற்றிய வழக்கு என் கைக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது.

கொண்டுவந்தவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மெட்ராஸ் ரெஜிமென்ட். ஓய்வுக்குப் பிறகு ஒரு வங்கியில் காவலாளி வேலை. சொன்ன நேரத்துக்கு முன்பே அலுவலக வாசலில் நிற்பார், உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். சம்மனையும் வழக்குரை நகலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூடவே தன் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார். இந்த வழக்குக்கு அந்தப் புத்தகம் எதற்கும் உதவாது. இருந்தாலும் முதலில் அதைத்தான் என் மேஜைமேல் வைத்தார்.

"வக்கீல் சார், என் பேரும் இருக்கு, பையன் பேரும் இருக்கு. நாங்க யாரையும் ஏமாத்தலை" என்றார்.

வாதி எங்கள் மாவட்டத்திலேயே சொந்தமாக நர்சிங் ஹோம் வைத்து நடத்தும் மூத்த டாக்டர். முதல் பிரதிவாதி தகப்பன், இரண்டாம் பிரதிவாதி மகன். மகனும் டாக்டர்தான். 15 லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன், நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்பது வழக்கு. அசலும் வட்டியும் சேர்ந்து இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் பண வழக்குக்கு கோர்ட் ஃபீஸ் நூற்றுக்கு ஏழரை ரூபாய்; 2017-இல்தான் அது மூன்றாகக் குறைந்தது. ஆக, வாதி கோர்ட் ஃபீஸாக மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டியிருந்தார். அவ்வளவு கட்டி வழக்குப் போடுகிறவரிடம் புரோநோட்டு இல்லை, கடன் பத்திரம் இல்லை, வட்டி கேட்டு எழுதிய ஒரு கடிதம்கூட இல்லை. இருந்தது ஒரு டிமாண்ட் டிராஃப்டின் நகலும் வங்கிக் கணக்கு அறிக்கையும்தான். அந்த டிடி ஹவில்தார் பெயருக்கும் இல்லை, மகன் பெயருக்கும் இல்லை. அரசாங்கத்துக்குப் போயிருந்தது.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அந்த டிடி எதற்கு என்று சொல்ல வேண்டும்.

புனேயில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஏஎஃப்எம்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். 1948-இல் தொடங்கிய நிறுவனம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் நேரடியாக எம்.பி.பி.எஸ். சேரும் பிரிவு 1962 ஆகஸ்டில் வந்தது, அந்த ஆண்டின் சீனப் போருக்கு இரண்டரை மாதம் முன்னால். ஆண்டுக்கு 150-க்குள்தான் இடம். இப்போது நீட் மதிப்பெண்ணை வைத்து அழைக்கிறார்கள்; அன்று கல்லூரியே அகில இந்திய அளவில் தனித்தேர்வு நடத்தியது. தேர்வு முடிந்தால் நேர்காணல், அதன்பிறகு உடல் தகுதிச் சோதனை. தேறிவிட்டால் கல்விக் கட்டணம் கிடையாது. தங்க இடம் உண்டு, போட்டுக்கொள்ளச் சீருடை உண்டு. மாணவர்களை அங்கே மெடிக்கல் கேடட் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் மட்டும் நாசிக்கில் இருக்கும் மகாராஷ்டிர சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

கட்டணமாகக் கொடுக்க வேண்டியது வாழ்நாளில் சில ஆண்டுகள். இறுதித் தேர்வு முடிந்ததும் ஆயுதப்படை மருத்துவப் பணியில் அதிகாரியாகக் கமிஷன் ஏற்க வேண்டும். ஒரு பகுதியினருக்கு நிரந்தரக் கமிஷன், மற்றவர்களுக்குக் குறுகிய காலக் கமிஷன். குறுகிய காலம் என்று பெயரே தவிர, அதுவும் ஏழு ஆண்டு. அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும். லடாக்கோ அருணாசலமோ, ஒரு பட்டாலியனுக்கு மருத்துவ அதிகாரியாகச் சில காலம் இருந்த பிறகுதான் மேற்படிப்பைப் பற்றிப் பேச முடியும்.

சேரும்போதே மாணவரும் பெற்றோரும் இதற்கு ஒரு பத்திரம் எழுதித் தருகிறார்கள். கமிஷன் ஏற்க மறுத்தால் இவ்வளவு தொகை கட்டுகிறோம் என்பது அதன் சாரம். இந்தப் பையன் சேர்ந்தபோது எழுதிய பத்திரத்தில் இருந்த தொகை 15 லட்சம்.

ஏன் தொகை, ஏன் ஆளையே பிடித்து வேலை வாங்கக்கூடாது என்று கட்சிக்காரர்கள் கேட்பார்கள். தனிமனிதரின் உழைப்பை ஒப்பந்தத்தின் பெயரால் கட்டாயமாக வாங்க நம் சட்டம் இடம் தருவதில்லை. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அதனால் கமிஷனுக்கு முன்னால்வரை இது ஓர் ஒப்பந்தம், மீறினால் பணம். கமிஷன் ஏற்ற மறுநிமிடம் நிலைமை வேறு. அப்போது அவர் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர். ராஜினாமா கொடுத்தால் போதாது, மத்திய அரசு அதை ஏற்க வேண்டும். ஏற்காதபோது பணிக்கு வராமல் இருந்தால் அது கடனாகாது, குற்றமாகும். பதினைந்து லட்சமல்ல, ஒரு கோடி கொடுத்தாலும் அப்போது கதவு திறக்காது. எனவே பணம் கட்டி வெளியே வருகிறவருக்கு இருப்பது ஒரு குறுகலான சந்து. தேர்வு முடிவுக்கும் கமிஷனுக்கும் இடையே உள்ள காலம். இந்த வழக்கில் நடந்த அத்தனையும் அந்தச் சந்துக்குள் நடந்த அவசரம்தான்.

பையன் ஏன் வெளியே வர நினைத்தான் என்று கேட்டேன். பயம் என்று நினைத்தால் அது தவறு. அம்மாவுக்குப் பயம் இருந்தது. காஷ்மீர் என்ற சொல்லைக் கேட்டாலே அழுதார்கள். பையனுக்கு இருந்தது கணக்கு. அவனுக்கு எலும்பு அறுவைச் சிகிச்சை படிக்க வேண்டும். வெளியே இருக்கும் நண்பர்கள் பயிற்சி மருத்துவம் முடித்ததும் முதுநிலைத் தேர்வு எழுதுகிறார்கள். தான் ராணுவத்தில் இருந்தால் அந்த இடத்துக்கு வரச் சில ஆண்டுகள் பிந்தும். நான் பார்த்தவரை, இப்படி வெளியேறுகிற பிள்ளைகளில் பலரும் துப்பாக்கிக்குப் பயந்து வருவதில்லை, இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வருகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பதினேழு வயதில் கையெழுத்துப் போட்டவன் இருபத்திரண்டில் வேறு ஆளாக இருப்பான் என்பது பத்திரத்தை எழுதிய அரசுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அதில் ஒரு தொகையை எழுதி வைத்திருக்கிறது.

தகப்பனுக்குத்தான் ஆறவில்லை. "நான் சல்யூட் அடிச்ச ஆளுங்க வரிசையில என் பையன் நிப்பான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன் சார். காசு கட்டிட்டு வெளிய வர்றான்னு எப்படிச் சொல்றது?" என்று என்னிடமே இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார். முதலில் மறுத்திருக்கிறார். மறுப்பதற்கு அவரிடம் எளிமையான காரணமும் இருந்தது. பதினைந்து லட்சம் கிடையாது.

அங்கேதான் நர்சிங் ஹோம் டாக்டர் வருகிறார். அவருக்கு ஒரே மகள், பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். கட்டிய நர்சிங் ஹோமைத் தனக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஒரு டாக்டர் மருமகன் வேண்டும். தரகர் ஒருவர் வழியாக ஜாதகம் போயிற்று, பொருந்தியது. பையன் ராணுவத்துக்குப் போகப்போகிறவன் என்று தெரிந்ததும் பேச்சு நின்றது. பணம் கட்டினால் போக வேண்டியதில்லை என்று தெரிந்ததும் மீண்டும் தொடங்கியது. நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த வாரமே டாக்டர் தன் கணக்கிலிருந்து டிடி எடுத்தார். பையன் அதை வாங்கிக்கொண்டு புனேக்கு ரயில் ஏறினான். பணத்தைக் கட்டியதும் அரசு அவனை விடுவித்தது. அந்தப் பக்கத்தில் எந்தச் சிக்கலும் இல்லை, யாரும் யாரையும் இழுத்தடிக்கவும் இல்லை. விதி என்ன சொன்னதோ அது நடந்தது.

சிக்கல் இந்தப் பக்கம். டிடியைக் கையில் கொடுக்கும் முன் டாக்டர் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் தயார் செய்து பையனிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். தன் நர்சிங் ஹோமில் ஐந்து ஆண்டு மருத்துவராகப் பணிபுரிவேன், இடையில் விலகினால் பதினைந்து லட்சத்தைத் திருப்பித் தருவேன் என்று பையன் எழுதிக் கொடுத்தது. அதில் கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. டாக்டர் விவரம் தெரிந்தவர்.

அந்தத் தாளின் நகலைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏழு ஆண்டு ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்க ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். முதல் ஒப்பந்தத்திலாவது சம்பளம், பதவி உயர்வு, பின்னால் மேற்படிப்பு எல்லாம் எழுதப்பட்ட விதிப்படி கிடைத்திருக்கும். இரண்டாவதில் சம்பளம் எவ்வளவு என்றே எழுதவில்லை.

பயிற்சி மருத்துவம் முடித்துவிட்டு வந்த பையன் ஓராண்டு அந்த நர்சிங் ஹோமில் வேலை பார்த்தான். 'நம்ம வீட்டுப் பிள்ளைதானே' என்று சம்பளம் கொடுக்கவில்லை. இரவில் டியூட்டி, பகலில் முதுநிலைத் தேர்வுக்குப் படிப்பு. இரண்டாவது முயற்சியில் வடக்கே ஒரு கல்லூரியில் அவன் கேட்ட பிரிவே கிடைத்தது. மூன்று ஆண்டு படித்துவிட்டு வருகிறேன், கல்யாணத்தை இப்போதே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றான். படிப்பு எதற்கு, என் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்கு வெளியிலிருந்து ஆள் வருகிறார், நீ பொது மருத்துவம் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். பேச்சு தடித்தது. நிச்சயத்தில் போட்ட மோதிரம் திரும்பிப் போயிற்று. பிறகு நெடுநாள் ஒன்றும் நடக்கவில்லை. கடனுக்கான மூன்றாண்டு காலவரம்பு முடியச் சில வாரங்களே இருந்தபோது சம்மன் வந்தது.

வாதியின் வக்கீல் என் நண்பர், நன்றாக வரைவு எழுதக்கூடியவர். கடன் என்று முதலில் எழுதினார். அது நிற்காவிட்டால் என்ன செய்வது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவையும் மாற்றாகச் சேர்த்திருந்தார். ஒருவர் இலவசமாகக் கொடுக்கும் எண்ணம் இல்லாமல், சட்டப்படி இன்னொருவருக்காக ஒன்றைச் செய்து, அந்த இன்னொருவர் அதன் பலனை அனுபவித்தால், ஈடு செய்தாக வேண்டும் என்பது அந்தப் பிரிவு. அதில் 'சட்டப்படி' என்று இருக்கிறதே, அதுதான் இந்த வழக்கின் பூட்டு.

என் ஜூனியர் வழக்குரையை ஒருமுறை படித்துவிட்டு, "சார், இது அப்பட்டமான வரதட்சணை. அப்படியே எழுதிட்டா வழக்கு விழுந்துடும்" என்றார். சட்டத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி திருமணத்தை ஒட்டி நேரடியாகவோ மறைமுகமாகவோ கொடுப்பது, கொடுக்க ஒப்புக்கொள்வது எல்லாம் வரதட்சணை. மாப்பிள்ளையின் பத்திரப் பாக்கியை மாமனார் அரசாங்கத்துக்குக் கட்டினால் அது மறைமுகமாகக் கொடுத்ததுதான். கல்யாணம் நடக்கவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது. நடக்காமல் போன திருமணத்துக்காகக் கேட்பதும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் எஸ். கோபால் ரெட்டி வழக்கில் 1996-இலேயே சொல்லிவிட்டது. வரதட்சணைக்கான ஒப்பந்தம் செல்லாது. செல்லாத ஒன்றைத் தெரிந்தே செய்தவர், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு கோர்ட்டுக்கு வர முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கொடுத்தவரை மட்டுமா பிடிக்கிறது? வாங்கியவருக்கும் அதே தண்டனை. ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை. அபராதம் பதினைந்தாயிரம் அல்லது வரதட்சணையின் மதிப்பு, எது அதிகமோ அது. இங்கே மதிப்பு 15 லட்சம். ஆக, வரதட்சணை என்று நாங்கள் எழுதினால் பண வழக்கில் ஜெயிப்போம். ஜெயித்த எதிர்வழக்குரையே எங்களுக்கு எதிரான குற்ற ஒப்புதலாக இருக்கும். வாதியும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார், சொன்னால் பணம் போய்விடும். நாங்களும் சொல்ல முடியாது. வழக்கு நடந்த காலம் முழுவதும், கோர்ட்டில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இருந்தாலும் கட்சிக்காரரிடம் வழிகளை விளக்குவது வக்கீலின் கடமை. ஹவில்தாரை அழைத்து விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"வரதட்சணை வாங்கினேன்னு என் பேர்ல எழுதாதீங்க சார். என் பொண்ணைக் கட்டிக் கொடுத்தப்போ நான் கொடுத்திருக்கேன், அதுவும் தப்புதான். ஆனா நான் வாங்கலை. ஜெயிலுக்குப் பயந்து சொல்லலை."

அதோடு அந்தக் கதவை மூடினேன்.

மிச்சமிருந்தது முத்திரைத்தாள். பணம் கடனும் அல்ல, வேறெதுவும் அல்ல, வேலை ஒப்பந்தத்துக்கான முன்பணம் என்று மகன் சார்பில் எழுதினேன். இதில் சட்டம் ஒரு சுவையான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு கட்டுவேன் என்று ஒரு தொகையை எழுதியிருந்தாலும், அந்தத் தொகை அப்படியே கிடைத்துவிடாது, அதற்கு உட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இது. ஆனால் அதே பிரிவுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சட்டத்தின்படியோ அரசின் உத்தரவின்படியோ, பொதுக்கடமை ஒன்றைச் செய்வதற்காக எழுதிக்கொடுக்கும் பத்திரம் என்றால், மீறியவர் எழுதிய தொகை முழுவதையும் கட்டியாக வேண்டும். அரசோடு செய்கிற ஒப்பந்தம் எல்லாம் பொதுக்கடமை ஆகிவிடாது என்று சட்டமே கீழே விளக்கமும் தருகிறது. ராணுவத்துக்கு டாக்டராக வருகிறேன் என்பது பொதுக்கடமை என்று அரசு வாதாடினால் அதை மறுப்பது கடினம். தனியார் நர்சிங் ஹோமில் இரவு டியூட்டி பார்க்கிறேன் என்பதற்கு அந்தச் சலுகை கிடையாது. அரசுக்குப் பதினைந்து லட்சம் கொடுத்தது சரி. அதே பதினைந்தை டாக்டருக்கு அப்படியே கொடுக்க வேண்டியதில்லை, உங்களுக்கு என்ன நஷ்டம் என்று நிரூபியுங்கள் என்பது என் வாதம். பையன் போன பத்தாம் நாளே அங்கே வேறு டியூட்டி டாக்டர் வந்துவிட்டார். அதையும் கையில் வைத்திருந்தேன்.

படிப்புக்கு ஈடாகப் பணி என்பது வேலூருக்குப் பழகிய விஷயம்தான். எங்கள் ஊர் சிஎம்சியில் திருச்சபைகளின் பரிந்துரையில் சேரும் பிள்ளைகள், படித்து முடித்ததும் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு இரண்டு ஆண்டு போய்வருவதை நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். அங்கே அனுப்புகிறவருக்கும் போகிறவருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் வந்து காசு கொடுத்து விலைக்கு வாங்கிய கதை நான் கேள்விப்பட்டதில்லை. இந்த வழக்கில் எனக்கு உறுத்தியது அதுதான். அரசு பத்திரத்தில் எழுதியது ஒரு தண்டத்தொகை. கல்யாணச் சந்தை அதை விலைப்பட்டியலாகப் படித்துவிட்டது.

எதிர்வழக்குரையோடு ஒரு எதிர்க்கோரிக்கையும் போட்டேன். பையன் ஓராண்டு வேலை பார்த்ததற்கு மாதம் இருபதாயிரம் வீதம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதற்குரிய கோர்ட் ஃபீஸைக் கட்ட ஹவில்தார் யோசிக்கவே இல்லை. வேலை செய்தால் சம்பளம் உண்டு என்பது அவருக்குப் புரிந்த நியாயம்.

முத்திரைத்தாளின் அசல் வாதியிடம் இருந்தது. தாக்கல் செய்யும்படி அறிவிப்பு அனுப்பினேன். அப்படி ஒரு தாளே இல்லை என்று பதில் வந்தது. விசாரணையில் டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறியதும் நகலைக் காட்டினேன்.

"இதில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டு பார்த்தார். "என் கையெழுத்து மாதிரி இருக்கு."

"மாதிரியா, உங்களுடையதா?"

"என்னுடையதுதான்."

"கைமாற்றாகக் கொடுத்தீர்கள் என்றால், வேலைக்கு எதற்கு ஒப்பந்தம்?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"பையன் உங்களிடம் வேலை பார்த்த ஓராண்டுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தீர்கள்?"

"அவர் எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். கடன் என்ற வாதம் அந்த இடத்தில் உடைந்தது. எந்தக் கடன்காரரும் வீட்டுப் பிள்ளை ஆவதில்லை.

அதன்பிறகு மகனின் முறை. எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே கேள்விகளில் தன் 70-ஆம் பிரிவைக் காப்பாற்றிக்கொண்டார். டிடியைப் புனேயில் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? நான்தான். அந்தப் பணம் கட்டாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இந்த முதுநிலைப் படிப்பில் இருப்பீர்களா? மாட்டேன். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பலனை அனுபவித்தவர் யார் என்ற கேள்வி அதோடு முடிந்தது.

தகப்பன் கூண்டில் நிமிர்ந்து நின்றார். சத்தியப்பிரமாணம் எடுக்கும்போது கை நடுங்கவில்லை. நான் அவரை முதல் விசாரணையில் சுருக்கமாகவே கேட்டேன். குறுக்கு விசாரணையில் என் நண்பர், "இந்தப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னீர்களா இல்லையா?" என்றார். எங்கள் எதிர்வழக்குரை நிற்பதற்கு 'இல்லை' என்ற பதில் வேண்டும்.

"சொன்னேன்" என்றார். "கல்யாணம் ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொடுத்துடறேன்னு சம்பந்தி கிட்ட சொன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே வேணாம்னாரு. நான் மனசுல கடன்னுதான் வெச்சிருந்தேன். வட்டி பேசலை."

நீதிபதியே அடுத்த கேள்வியைக் கேட்டார். "கல்யாணப் பேச்சு இல்லையென்றால் இந்தப் பணம் உங்களுக்கு வந்திருக்குமா?"

"வந்திருக்காதுங்க ஐயா. ஆனா கல்யாணத்துக்குன்னு நான் கேக்கலை, வாங்கவும் இல்லை."

வெளியே வந்ததும் ஜூனியர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஹவில்தார் டீ வாங்கிக் கொடுத்தார். "தப்பா சொல்லிட்டேனா சார்?" என்று கேட்டார். வழக்குக்குக் கெடுதல், ஆனால் சொன்னதில் தப்பில்லை என்றேன். ஒருவகையில் அந்தப் பதில்தான் அவரைக் காப்பாற்றியது. திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்கியது கடனுக்குப் பக்கத்தில் நிற்கிறது, வரதட்சணையிலிருந்து தள்ளி நிற்கிறது. இல்லை என்று சொல்லியிருந்தால், நீதிபதியின் அடுத்த கேள்வி வேறு திசைக்குப் போயிருக்கும். அதை யோசித்து அவர் சொல்லவில்லை. நானும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டேன்.

தீர்ப்பு நீளமானது அல்ல. வட்டியோடு கூடிய கடன் என்பது நிரூபிக்கப்படவில்லை. முத்திரைத்தாள் ஒப்பந்தம் உண்மை. அதை வாதி மறைத்தது சரியல்ல. ஆனால் அதை வைத்துப் பார்த்தாலும், சம்பளமே குறிக்காத அந்த ஒப்பந்தத்தை மீறியதால் வாதிக்கு ஏற்பட்ட இழப்பு எதுவும் காட்டப்படவில்லை. எனவே ஒப்பந்தத்தின் பேரில் தொகை கிடையாது. வரதட்சணை என்று எந்தத் தரப்பும் வழக்கிடவில்லை, திருப்பித் தரும் எண்ணத்தோடு பெற்றதாக முதல் பிரதிவாதி சொல்வதை நம்ப மறுக்கக் காரணம் இல்லை. பிரதிவாதிகள் இருவரும், வாதி கட்டிய 15 லட்சத்தின் பலனை அனுபவித்தவர்கள். 70-ஆம் பிரிவின்படி ஈடு செய்ய வேண்டும். பையன் பார்த்த ஓராண்டு வேலைக்கான சம்பளம் 2,40,000 கழிக்கப்படும். மீதி 12,60,000 ரூபாய்க்குத் தீர்ப்பாணை. வட்டி, வழக்குத் தாக்கலான நாளிலிருந்து நூற்றுக்கு ஆறு. செலவுத்தொகை அவரவருக்கு அவரவர்.

மேல்முறையீடு போடலாம், சென்னையில் வாதிட நல்ல புள்ளிகள் இருந்தன. 74-ஆம் பிரிவை வைத்து இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஹவில்தார் கேட்கவில்லை. "அசல் கொடுக்க வேண்டியதுதானே சார். வட்டியைக் குறைச்சுட்டாங்க, பையன் சம்பளத்தைக் கொடுத்துட்டாங்க. போதும்." எதிர்த்தரப்பும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. அந்த முத்திரைத்தாள் உயர் நீதிமன்றக் கட்டுக்குள் போவதை டாக்டர் விரும்பியிருக்க மாட்டார்.

ஊரில் இருந்த ஒன்றரை ஏக்கரில் பாதியை விற்று முதல் தவணை கட்டினார்கள். மீதியைப் பையன் உதவித்தொகையிலிருந்தும், பிறகு சம்பளத்திலிருந்தும் கட்டினான். நிறைவேற்று மனு போட வேண்டிய தேவையே வரவில்லை. கடைசித் தவணை முடிந்ததும் இரு தரப்பும் சேர்ந்து கோர்ட்டில் முழுத் தொகையும் பெறப்பட்டதாகப் பதிவு செய்தோம். டாக்டரின் மகளுக்கு அதற்கு முன்பே வேறு இடத்தில் திருமணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை டாக்டர் இல்லையாம்.

அந்தப் பத்திரத் தொகை அதன்பின் பலமுறை ஏறி, இப்போது 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. புனேக்குப் பிள்ளையை அனுப்புகிற பெற்றோர் யாராவது இதைப் படித்தால், பத்திரத்தில் தொகை எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தத் தேதிக்கு முன்னால் அதைக் கட்டி விலக முடியும், எந்தத் தேதிக்குப் பிறகு முடியாது என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். பின்னால் வேறு யாராவது அந்தப் பணத்தைக் கட்டுகிறேன் என்று வந்தால், கடன் என்றால் அன்றைக்கே புரோநோட்டு எழுதி வட்டியையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தைப் பேசிக்கொண்டு வந்தால் வாங்காதீர்கள்.